ஆர்டர் கையில, பணம் அடுத்தவங்க கையில: சேலம் தம்பிக்கு ஒரு பதில்

சேலம் சூரமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். நாலு பக்கக் கடிதம், சுருக்கிப் போடறேன்.

"சார், நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் நாலு வருஷமா ஒரு பிரைவேட் லிமிடெட் நடத்துறோம். கேமரா வச்சு கல்லு பிரிக்கிற மெஷின் செய்றோம். பழைய மேக்னசைட் குவாரி டம்ப்புல கிடக்கிற கலப்புக் கல்லுல இருந்து வெள்ளக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, மட்டும் தனியா எடுத்துக் கொடுக்கும். 14 பேர் வேலை பாக்குறாங்க. இப்ப உலைக்குச் செங்கல் செய்யுற ஒரு ரிஃப்ராக்டரி கம்பெனி 1 கோடி 20 லட்சத்துக்கு ஆர்டர் குடுத்திருக்கு, அட்வான்ஸ் 20 சதவீதம் வந்து செலவும் ஆயிடுச்சு, டிஸ்பேட்ச் அன்னிக்கு 60 சதவீதம், டெஸ்ட் முடிஞ்சு 20 சதவீதம். கேமரா, ஏர் வால்வு எல்லாம் வெளிநாட்டுல இருந்து வரணும், வரியோட இன்னும் 45 லட்சம் வேணும். இன்னொரு பெரிய கம்பெனி பழைய மெஷினுக்கு 38 லட்சம் தரணும், 110 நாள் ஆச்சு, கேட்டா தரம் பாத்த க்யூசி ரிப்போர்ட் வரட்டும்ங்கிறாங்க. பேங்க்ல சிசி கடன் லிமிட் 40 லட்சமும் எடுத்தாச்சு. மாசம் சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து 9 லட்சம், கையில 7 லட்சம்தான் இருக்கு. மனைவி நகையை அடகு வச்சு போன மாசம் சம்பளம் போட்டேன். லோக்கல் ஃபைனான்ஸ்ல 30 லட்சம் 3 வட்டிக்குத் தர்றாங்க, வீட்டுப் பத்திரம் கேக்குறாங்க. கோயமுத்தூர்ல ஒருத்தர் 1 கோடி போடறேன், 35 சதவீதம் பங்கு குடுங்கன்றார். கிரிட்டிகல் மினரல் திட்டத்துல மத்திய அரசு பணம் வரும்னும் சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?"

தம்பி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். 26 வருஷம் பேங்க்ல, அதுல பாதிக்கு மேல சின்ன கம்பெனிங்களுக்கு கடன் பாக்குற டெஸ்க்ல உக்காந்தவன் நான், அதனால நகையை அடகு வச்சு சம்பளம் போட்டேன்னு நீங்க எழுதுன வரி என்னை ரொம்ப நேரம் அங்கயே நிறுத்திடுச்சு. இந்த மாதிரி மெஷின் ஓடறதை ஒரு தடவை நின்னு பாத்திருக்கேன். கல்லு மேல தூசி இருந்தா கேமராவுக்கு வெள்ளையும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்னு முதல்ல தண்ணி விட்டு கழுவுறாங்க, அப்புறம் பெல்ட்டுல ஈரத்தோட கல்லு ஓடி வந்து முனையில கீழ விழுதே, அந்த விழுகுற நேரத்துக்குள்ள வேண்டாத கல்லை மட்டும் காத்து டப்புன்னு அடிச்சு அந்தப் பக்கம் தள்ளுது. வெயில்ல உக்காந்து சுத்தியல் வச்சு கையால பொறுக்குற வேலைக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கீங்க, அது நிக்கக் கூடாதுன்னு எனக்கும் இருக்கு.

எதை எடுக்கட்டும்னு மூணு வழி போட்டிருக்கீங்க. மூணுமே இப்ப வேண்டாம்ங்கிறதுதான் என் பதில். உங்க கணக்குல தேதி இருக்கிற பணமும் தேதி இல்லாத பணமும் கலந்து கிடக்கு. சம்பளத்துக்கு தேதி இருக்கு, வட்டிக்கு தேதி இருக்கு, ஜிஎஸ்டிக்கு தேதி இருக்கு, ஆனா நீங்க வரும்னு எழுதியிருக்கிற வரவு ஒண்ணுக்குக்கூட தேதி இல்ல. அதனால புதுசா யார்கிட்ட வாங்கலாம்னு பாக்குறதுக்கு முன்னாடி, ஏற்கனவே உங்களுக்கு வர வேண்டியதுக்கு ஒரு தேதி போட வைக்கணும்.

முதல்ல அந்த 38 லட்சம். இது உங்களை ரெண்டு பக்கமும் கடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுதான்னு தெரியல. பணம் வரலைங்கிறது ஒரு பக்கம். மாசாமாசம் பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குடுக்குறீங்க இல்ல, அதுல 90 நாளுக்கு மேல பழசான பாக்கியை பெரும்பாலான பேங்க்குல டிராயிங் பவர் கணக்குல இருந்து தூக்கிடுவாங்க, அப்ப லிமிட் 40 லட்சம்னு பேப்பர்ல இருந்தாலும் நீங்க எடுக்கக்கூடியது குறைஞ்சிடும், எடுத்தது எடுத்தபடி இருந்தா கணக்கு ஓவர் ஆயிடும். சிசி கணக்கு தொடர்ந்து 30 நாளுக்கு மேல ஓவரா நின்னா எஸ்எம்ஏ-1னு எச்சரிக்கை முத்திரை போட்டுடுவாங்க, 60 நாள் தாண்டினா எஸ்எம்ஏ-2, 90 தாண்டினா என்பிஏ, அதாவது வாராக்கடன். ஒரு தடவை அந்த முத்திரை விழுந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் லிமிட் ஏத்துறது பத்தி எந்த மேனேஜரும் பேச மாட்டார். அதனால இந்த பாக்கியை வசூல் பண்றதுதான் உங்க முதல் ஃபண்டிங்.

எம்எஸ்எம்இ சட்டம் 2006ல வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், அதுக்குள்ள பணம் தரணும், தவறினா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் வட்டிக்கு வட்டி. இது பலருக்குத் தெரியும். தெரியாத ஒண்ணு சொல்றேன். சரக்கு டெலிவரி ஆன 15 நாளுக்குள்ள வாங்குனவங்க எழுத்துல ஆட்சேபணை சொல்லலைன்னா, டெலிவரி ஆன தேதியிலயே ஏத்துக்கிட்டாங்கன்னு சட்டமே வச்சுக்குது. 110 நாள் கழிச்சு க்யூசி ரிப்போர்ட் வரட்டும்னு சொல்றதுக்கு அங்க இடமே இல்ல. அந்த முதல் 15 நாள்ல அவங்க உங்களுக்கு அனுப்புன மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் தேடிப் பாருங்க, 'செக் பண்ணிட்டு சொல்றோம்'னு மட்டும் இருந்தா அதை ஆட்சேபணைன்னு நிரூபிக்கிறது அவங்களுக்குக் கஷ்டம். ஒரே ஒரு கண்டிஷன், சப்ளை பண்றதுக்கு முன்னாடியே எம்எஸ்எம்இன்னு அரசுகிட்ட பண்ற உங்க உத்யம் பதிவு இருந்திருக்கணும்.

இதை எடுத்துக்கிட்டு நேரா அரசோட எம்எஸ்எம்இ புகார் போர்ட்டல்ல போய் கேஸ் போட்ராதீங்க. போடலாம், அதை விசாரிக்கிற கவுன்சில் 90 நாள்ல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில இழுக்கும், நமக்கு அவ்வளவு நாள் இல்ல, தவிர நாளைக்கு ரெண்டாவது மெஷின் வாங்கப் போறதும் அவங்களாவே இருக்கலாம். முதல்ல பர்ச்சேஸ் ஆளை விட்டுட்டு அவங்க அக்கவுன்ட்ஸ் தலைவரைப் போய்ப் பாருங்க. பர்ச்சேஸுக்கு உங்க பணத்தைப் பத்திக் கவலை கிடையாது, ஆனா அக்கவுன்ட்ஸுக்கு அரசுக்குப் போடற கணக்கு பத்திக் கவலை இருக்கு.  குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல பாக்கி வச்சிருக்கிற கம்பெனி அரை வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி ரிஜிஸ்ட்ரார்கிட்ட படிவம் போட்டு அதைச் சொல்லியாகணும். இதை மிரட்டலா எழுதாதீங்க, பில் நம்பர், தேதி, சலான் காப்பி, உத்யம் சான்றிதழ் எல்லாம் இணைச்சு, 'மொத்தமா முடியலைன்னா ரெண்டு தவணையா இந்தத் தேதியில தாங்க'ன்னு தேதியை நீங்களே போட்டு ஒரு பக்கத்துல மரியாதையா குடுங்க. எனக்குத் தெரிஞ்சு பாதிக்கு மேல இதுலயே நகரும். நான் கணக்கு போடும்போது 38ஐ எழுதல, 28 லட்சம்னுதான் எழுதியிருக்கேன், மிச்சம் 10 லேட்டா வரட்டும்.

இனிமே போடற பில்லுக்கு டிரெட்ஸ்னு, பில்லை ஆன்லைன்ல பேங்க்குங்ககிட்ட குடுத்து பணமாக்குற ஒரு வழி இருக்கு. 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கிற கம்பெனிங்க 2025 மார்ச்சுக்குள்ள அதுல சேரணும்னு அரசு சொல்லிடுச்சு, ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட்னு தளங்கள் இருக்கு. உங்க பில்லை வாங்குனவங்க அங்க ஏத்துக்கிட்டா பேங்க்குங்க போட்டி போட்டு டிஸ்கவுன்ட் பண்ணி ஓரிரு நாள்ல பணம் போட்டுடும், நாளைக்கு அவங்க கட்டலைன்னா உங்க மேல வராது. ஆனா இந்த 110 நாள் பழைய பில்லை எல்லாம் அங்க தள்ளலாம்னு நினைக்காதீங்க, அது நடக்காது. புது ஆர்டரோட டிஸ்பேட்ச் பில்லுக்கு இப்பவே பேசி வச்சுக்கோங்க.

அடுத்தது கையில இருக்கிற ஆர்டர். நீங்க அதைக் கும்பிட்டு வாங்கிட்டு வந்த மாதிரி எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு ஏன் உங்க மெஷின் வேணும்? டம்ப்புல கிடக்கிற கல்லுல டூனைட்ங்கிற பச்சைக் கல்லு கலந்திருக்கு, அதோட சேர்ந்து சிலிக்கா வருது, சிலிக்கா ஏறுன மேக்னசைட்டை சுட்டு நல்ல செங்கல் பண்ண முடியாது, அதுவும் மேக்னசைட்டை சுட்டா எடையில பாதிக்கு மேல கார்பன் டை ஆக்சைடா போயிடும், உள்ள இருக்கிற சிலிக்கா அப்படியே நிக்கும், அப்ப சுட்ட பிறகு அதோட சதவீதம் ரெண்டு மடங்கு ஆயிடுது. உங்க மெஷின் வந்தா குப்பைன்னு ஒதுக்குன கல்லு சரக்கா மாறும். அவங்களுக்கு உங்க தேவை இருக்கு, அதனால போய்க் கேளுங்க. 20 சதவீத அட்வான்ஸை 40 ஆக்குங்க, அந்தக் கூடுதல் 24 லட்சத்துக்கு பேங்க் கேரன்டி தர்றோம்னு சொல்லுங்க. ஒத்துக்கலைன்னா, கேமரா வால்வு சப்ளையருக்கு நீங்களே நேரா கட்டுங்க, பில்லுல கழிச்சுக்கோங்கன்னு கேளுங்க. பேங்க் கேரன்டி இருந்தா பயமில்லைன்னு கம்பெனி அனேகமா ஒத்துக்கும்.

பேங்க்ல ரெண்டு வேலை. ஒண்ணு, லிமிட். 5 கோடி வரைக்கும் லிமிட்டுக்கு நாயக் கமிட்டி முறைன்னு ஒண்ணு இன்னமும் நடைமுறையில இருக்கு, வரப்போற வருஷ டர்ன்ஓவர்ல 20 சதவீதம் பேங்க் தரலாம். உங்களோட போன வருஷ டர்ன்ஓவர் 1 கோடி 90 லட்சம்னு பேலன்ஸ் ஷீட்ல இருக்கு, இந்த ஆர்டரையும் சர்வீஸையும் சேர்த்தா 3 கோடி நியாயமா காட்டலாம், 3 கோடிக்கு 60 லட்சம், அப்ப இன்னும் 20 லட்சத்துக்கு இடம் இருக்கு. ரெண்டாவது, அந்த 24 லட்சம் கேரன்டி. இது ரெண்டுக்கும் வீட்டுப் பத்திரம் கேட்டா சொத்து ஜாமீனுக்குப் பதிலா நிக்கிற சிஜிடிஎம்எஸ்இ கேரன்டி ஸ்கீம் கவர்ல போடுங்கன்னு சொல்லுங்க, 2025 ஏப்ரல்ல இருந்து 10 கோடி வரைக்கும் அந்த கேரன்டி உண்டு, கடனுக்கும் உண்டு பேங்க் கேரன்டிக்கும் உண்டு. கிளைல தயங்குவாங்க, நானும் அந்த நாற்காலில தயங்கியிருக்கேன்.

பல வருஷம் முன்னாடி நாமக்கல் பக்கம் குவார்ட்ஸ் அரைக்கிற மில்லு வச்சிருந்த ஒருத்தர் கையில ஆர்டரோட என்கிட்ட லிமிட் ஏத்தித் தரச் சொல்லி வந்தார். சொத்து ஜாமீன் கொண்டு வாங்கன்னு நான் மூணு தடவை திருப்பி அனுப்பிட்டேன், கேரன்டி ஸ்கீம் அப்பவும் இருந்துச்சு, நான் அதைப் பத்தி வாயே திறக்கல. அவர் வெளிய 3 வட்டிக்கு வாங்குனார், பெரிய கம்பெனில இருந்து வர வேண்டியது வரல, ஒன்றரை வருஷத்துல மில்லு கைமாறிடுச்சு. அப்புறம் ஒரு நாள் அந்த ரோட்டுல போறப்ப பாத்தேன், கூரை மேல வெள்ளைத் தூசி படிஞ்சபடியே கேட்டு பூட்டிக் கிடந்துச்சு. இன்னிக்கும் அதை நினைச்சா மனசு அடிச்சுக்கும். அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

3 வட்டின்னா 30 லட்சத்துக்கு மாசம் 90,000, வருஷத்துக்கு 36 சதவீதம். உங்க மெஷின் ஒரு மாசம் லேட் ஆனா, கப்பல்ல வால்வு ஒரு வாரம் நின்னா, அவன் வட்டி நிக்காது. வீட்டுப் பத்திரத்தையும் தேதி போடாத செக்கையும் எந்தக் காரணத்துக்கும் குடுக்காதீங்க. அதை விட மோசம், இந்த வட்டி ஆரம்பிச்ச பிறகு நீங்க மெஷினைப் பத்தி யோசிக்க மாட்டீங்க, ஒண்ணாம் தேதியைப் பத்திதான் யோசிப்பீங்க.

கோயமுத்தூர்க்காரர் நல்லவராவே இருக்கலாம். 1 கோடிக்கு 35 சதவீதம்னா உங்க கம்பெனிக்கு இன்னிக்கு 1 கோடி 86 லட்சம் விலை போடறார்னு அர்த்தம். நாலு வருஷ உழைப்பு, ஓடற மெஷின், கையில ஆர்டர், எல்லாத்துக்கும் சேர்த்து. சம்பளம் போட முடியாத வாரத்துல பேசுனா விலை அப்படித்தான் வரும், இந்த மெஷின் டெலிவரி ஆகி டெஸ்ட் ரிப்போர்ட் கையில வந்த பிறகு அதே ஆள்கிட்ட பேசுங்க, வேற விலை வரும். அவரை விரட்ட வேண்டாம், நாலு மாசம் கழிச்சு வர்றேன்னு உண்மையைச் சொல்லுங்க. இப்பவே கொஞ்சம் போடறேன்னு நின்னார்னா, நீங்க மத்திய அரசோட டிபிஐஐடி துறை அங்கீகாரம் வாங்குன ஸ்டார்ட்அப்பா இருந்தா கன்வர்ட்டிபிள் நோட், அதாவது பிறகு பங்கா மாத்திக்கிற கடன், போடலாம், பங்கு விலையைப் பிறகு பேசிக்கலாம், ஆனா ஒருத்தர்கிட்ட இருந்து ஒரே தவணையில 25 லட்சமோ அதுக்கு மேலயோ வந்தாதான் அது செல்லும், குறைஞ்சா கம்பெனி இஷ்டத்துக்கு வாங்கக் கூடாத டெபாசிட்னு ஆயிடும்.

டெபாசிட்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. ஃப்ரெண்டு, பக்கத்து வீட்டுக்காரர்னு பிரைவேட் லிமிடெட் கணக்குல கைமாத்து வாங்கிப் போடாதீங்க. டைரக்டர், அவரோட உறவினர் போடலாம், அதுவும் 'இது கடன் வாங்கிக் குடுத்த பணம் இல்ல'ன்னு எழுத்துல குடுத்துட்டு. உங்க மனைவி பேர்ல நகைக் கடன் வாங்கி கம்பெனிக்குப் போட்டிருந்தா அந்த உறுதிமொழி இடிக்கும், ஆடிட்டர்கிட்ட இந்த வாரமே பேசி சரி பண்ணிடுங்க.

அரசுப் பணம் பத்தி. தேசிய கிரிட்டிகல் மினரல் மிஷன் 2025 ஜனவரி 29 அன்னிக்கு 16,300 கோடிக்கு ஒப்புதல் ஆச்சு, நிஜம்தான். ஆனா 2023ல வெளியிட்ட 30 கனிமப் பட்டியலை எடுத்துப் பாருங்க, லித்தியம் இருக்கு, கிராஃபைட் இருக்கு, மேக்னசைட் இல்ல. கிராஃபைட்டுன்னா நம்ம சிவகங்கைல இருக்கேன்னு தோணும், ஆனா அது அரைச்சு நுரையில மிதக்க விட்டு எடுக்கிற சரக்கு, உங்க காத்தடி மெஷினுக்கு நேரடி வேலை இல்ல, அரைக்கிறதுக்கு முன்னாடி வெறும் கல்லை ஒதுக்க முடியுமான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எழுதலாம், பாக்காம எழுத வேண்டாம். உங்களுக்கு நேரா பொருந்துறது சுரங்க அமைச்சகத்தோட எஸ் அண்ட் டி பிரிசம் திட்டம், ஸ்டார்ட்அப், எம்எஸ்எம்இக்குன்னே 2023ல வந்தது, நாக்பூர்ல இருக்கிற ஜேஎன்ஏஆர்டிடிசி ஆராய்ச்சி மையம் மூலமா நடக்குது. கண்டிப்பா விண்ணப்பம் போடுங்க. ஆனா அது பரிசீலனை, கமிட்டி, தவணை, செலவுக் கணக்கு சான்றிதழ்னு நடக்கிற பணம், அடுத்த மாடலுக்கான பணம், மார்ச் மாச சம்பளத்துக்கான பணம் இல்ல. ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டுல கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் தாண்டினா விண்ணப்பிக்க முடியாது, அதை விட்டுடுங்க.

இப்ப கூட்டிப் பாப்போம். பார்ட்ஸ் இன்னிக்கு ஆர்டர் போட்டா மூணரை மாசத்துல டிஸ்பேட்ச்னு எழுதியிருக்கீங்க. 45 லட்சம் பார்ட்ஸ், மூணரை மாசத்துக்கு 31.5 லட்சம், மொத்தம் 76.5. வரவுல கையில 7, பழைய பாக்கி 28, கூடுதல் அட்வான்ஸ் 24, லிமிட் 20, மொத்தம் 79. பேங்க் கேரன்டிக்கு மார்ஜின்னு ஒரு 4 லட்சம் எஃப்டி கேப்பாங்கன்னு வச்சா 75. ஒன்றரை லட்சம் இடிக்குது. அதுக்கு உங்க ஷெட்டுல இருக்கிற டெமோ மெஷினை ஓட விடுங்க. குவார்ட்ஸ், சுண்ணாம்புக்கல் குவாரிக்காரங்க ஆளுக்கு ரெண்டு டன் கொண்டு வந்து இலவசமா ட்ரயல் பாத்துட்டுப் போறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, கரண்ட் உங்களோடது, கம்ப்ரசர் உங்களோடது, ஆள் உங்களோடது. இனிமே ட்ரயலுக்கு காசு வாங்குங்க, மெஷின் வாங்குனா அதுல கழிச்சுக்கலாம்னு சொல்லுங்க. காசு குடுத்து ட்ரயல் பாக்குறவங்கதான் நாளைக்கு மெஷின் வாங்குற ஆள்.

ரொம்ப இறுக்கமான கணக்குதான், தெரியுது. ஒரு நோட்டுல 13 வாரம் கோடு போட்டு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை எழுதுங்க, எந்த வாரம் சிவப்பு வருதுன்னு ஆறு வாரம் முன்னாடியே தெரிஞ்சா மேனேஜர்கிட்ட நீங்களா போய்ச் சொல்லலாம், அவரா ஃபோன் பண்றதுக்கும் நீங்களா போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பிஎஃப், டிடிஎஸ் ரெண்டையும் மட்டும் எடுத்துச் செலவு பண்ணிடாதீங்க, அது தொழிலாளியோட காசு, அரசாங்கத்தோட காசு, டைரக்டர் மேல நேரா வரும். டிஸ்பேட்ச் பில்லு போடும்போது ஜிஎஸ்டி 21 லட்சத்து 60 ஆயிரம், உங்க இன்புட் கழிச்சு மிச்சத்தை அடுத்த மாசம் 20லேர்ந்து 25க்குள்ள கட்டணும், வாங்குனவங்க பணம் தந்தாலும் தராட்டியும். அதனால 30ம் தேதி அவசரமா லாரி ஏத்தாம முடிஞ்சா 2ம் தேதி ஏத்துங்க, ஒரு மாச மூச்சு கிடைக்கும், ஜிஎஸ்டி தொகையை முழுசா டிஸ்பேட்ச் பணத்தோட தரணும்னு பிஓல, அதாவது ஆர்டர் பேப்பர்ல, ஒரு வரி திருத்தி வாங்கிடுங்க.

14 பேர்கிட்டயும் நிலைமையை மறைக்காதீங்க. வெல்டிங் பண்றவருக்கு உங்க முகத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கும். ரெண்டு டைரக்டரும் மூணு மாசம் சம்பளம் எடுக்கலைன்னு முதல்ல சொல்லிட்டு மிச்சத்தைப் பேசுங்க.

இன்னிக்கு சாயங்காலமே ஒரு வேலை இருக்கு. அந்த 38 லட்சத்தோட டெலிவரி சலானை எடுத்துப் பாருங்க, வாங்குனவங்க கையெழுத்து, சீல், தேதி மூணும் அதுல இருக்கான்னு. இருந்தா நாளைக்கே அக்கவுன்ட்ஸ் தலைவருக்கு அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதுங்க. தேதி இல்லைன்னா அனுப்பாதீங்க, லாரி ரசீதையும் இ-வே பில்லையும் தேடி எடுத்து வச்சுட்டு எனக்கு மறுபடி எழுதுங்க, அதை வச்சு எப்படி எழுதலாம்னு சேர்ந்து பாப்போம்.